அதுவும் உனக்குத்தானா

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, திட்டாதே. எழுத உட்கார்ந்தால் குண்டு விழித்துக்கொள்கிறாள். அவள் தூங்கினால் வாயாடி பிடித்துக்கொள்கிறாள். நாலு வயசு முடிந்தும் தங்கச்சிக்குக் கிடைக்கிற பால் தனக்கும் வேண்டுமாம். மடியில் ஒருத்தி, முதுகில் ஒருத்தி, இப்படித்தான் பகல் போகிறது.

ஞாயிற்றுக்கிழமைதான் போனில் பேசுகிறீர்களே, கடிதம் எதற்கு என்று இவர் கேட்கிறார். அம்மா மடியில் போனை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு நாம் பேசுவது ஒரு பேச்சா? சாப்டியா, தூங்கினியா, அங்க வெயில் எப்படி, அவ்வளவுதான். நாள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவருக்கு இது எங்கே புரியப் போகிறது.

அம்மா எனக்கு ஒத்தாசையாகத்தான் வந்திருக்கிறாள். ஆனால் வாயைத் திறந்தால் உன் புராணம். நீ எழுந்ததும் படுக்கையை மடித்துவிட்டுத்தான் பல் விளக்குவாயாம். நேற்று பக்கத்து வீட்டு டீச்சர் கேட்டதற்கு, "பெரியவ ஆஸ்பத்திரில மைக்ரோஸ்கோப்புல வேலை பாக்கறா" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். சின்னவள் என்ன செய்கிறாள் என்று டீச்சர் கேட்டாள். "அவ வீட்லதான் இருக்கா."

வீட்டில்தான் இருக்கிறேன். எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியலில் கல்லூரியிலேயே முதலாவதாக வந்தவள். நீ படித்தது இரண்டு வருஷ டிப்ளமா. மைக்ரோஸ்கோப் உனக்கு, மூத்திரத் துணி எனக்கு. சும்மா சொல்லக்கூடாது, வயிறு எரிகிறது அக்கா.

சத்தமில்லாத அறையில் உட்கார்ந்து டீயைச் சூடாகக் குடிப்பது எப்படி இருக்கும் என்று எழுது. ஆய்வகத்தில் என்ன புதிசு என்றும் எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
பொடிசு


ஜனவரி 17

பொடிசுக்கு,

நான் நலம். முழங்கால் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு. குழந்தைகளுக்கு முத்தம். அம்மா பிரஷர் மாத்திரையைப் போடுகிறாளா, ஒளித்து வைக்கிறாளா என்று பார்.

டீ சூடாகத்தான் இருக்கிறது. "இன்னொன்னு போடட்டா" என்று கேட்க ஆளில்லாத வீட்டில் அது சூடாக இருந்தால் என்ன, ஆறினால் என்ன. என் வீட்டுக்காரர் போன பிறகு இந்த வீட்டில் இரண்டாவது கோப்பையைக் கழுவியதே இல்லை. அம்மா உன் வீட்டுக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. எனக்கு உடம்பு முடியாமல் போனபோது ஒரு வாரம் இருந்தாள். குறையாகச் சொல்லவில்லை. ஞாபகம் வந்தது, எழுதினேன்.

இங்கே ஒரு புது ஆய்வு ஆரம்பித்திருக்கிறார்கள். பெண்களின் மார்பகத் திசு. பிள்ளை பெற்றுப் பால் கொடுத்தவர்கள் ஒரு பக்கம், பெறாதவர்கள் ஒரு பக்கம். மெழுகில் பதித்த துண்டை நான் வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி, சாயம் ஏற்றிக் கொடுக்கிறேன். பெற்றவர்களின் தகட்டில் பழுப்புப் புள்ளிகள் அதிகம் தெரிகின்றன. நோய் எதிர்ப்புச் செல்கள். பால் கொடுத்து, பால் வற்றி, பிள்ளைகள் வளர்ந்து போன பிறகும் அங்கேயே தங்கியிருக்கின்றனவாம், கெட்டுப்போகிற செல் ஏதாவது தலைதூக்குகிறதா என்று பார்த்துக்கொண்டு. எங்கள் டாக்டரம்மா அவற்றை வாட்ச்மேன் என்கிறார். பெறாதவர்களின் தகட்டில் அங்கொன்று இங்கொன்று. பெறாதவர்களுக்கு மார்பகப் புற்று சற்று அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்குமோ என்றுதான் பார்க்கிறார்கள்.

அன்றைக்கு மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தபோது என்ன நினைத்தேன் தெரியுமா? பிள்ளையும் அவர்களுக்கு, வாசலில் வாட்ச்மேனும் அவர்களுக்கு. அதுவும் உனக்குத்தானாடி?

சரி. வாயாடியை அதட்டாதே. அவளுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பெரியவள்


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இந்தத் தடவையும் தாமதம். குண்டுக்குச் சளி, அப்புறம் வாயாடிக்கு, அப்புறம் இவருக்கு. மூன்று பேரில் அதிகம் அழுதது இவர்தான். இப்போது எல்லோரும் தேறிவிட்டார்கள்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். இவரிடமும் வாசித்துக் காட்டினேன். "அப்ப உள்ளுக்குள்ளயே செக்யூரிட்டி போட்டாச்சுன்னு சொல்லு" என்றார். அக்கா, கோபித்துக்கொள்ளாதே. சின்ன வயசிலிருந்து உன் பழைய சட்டை, உன் பழைய புத்தகம், நீ ஓட்டி முடித்த சைக்கிள் என்றே வளர்ந்தவள் நான். முதல் தடவையாக உன்னிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதற்கு உன் மைக்ரோஸ்கோப்பே சாட்சி. நான் கொஞ்சம் துள்ளினால்தான் என்ன?

குண்டுக்கு இன்னும் ஒரு வருஷம் பால் கொடுப்பதாக இருக்கிறேன். கொடுக்கக் கொடுக்க வாட்ச்மேன் கூடும் அல்லவா? இடது பக்கம் மட்டும் பால் கட்டிக்கொண்டு சின்னக் கல் மாதிரி இருக்கிறது. வலியெல்லாம் இல்லை. அம்மா வெந்நீர்த் துணியால் ஒற்றிவிடுகிறாள், கரைந்துவிடும்.

உன்னை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. வருஷா வருஷம் பரிசோதனை செய்துகொள்கிறாயா? உனக்குத்தானே ஆபத்து அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
பொடிசு


பிப்ரவரி 19

பொடிசு,

உன் கடிதம் இன்று வந்தது, இன்றே எழுதுகிறேன். எல்லோரும் தேறிவிட்டதாக எழுதியிருக்கிறாய். அப்படியே இருக்கட்டும்.

வலியில்லாத கல் என்கிறாய். எப்போதிலிருந்து? குண்டு குடித்த பிறகு அது சின்னதாகிறதா, அப்படியே நிற்கிறதா? விரலால் தள்ளினால் நகர்கிறதா? இதற்கெல்லாம் எனக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதே, நேரே மருத்துவரிடம் போய்ச் சொல்.

நான் போன கடிதத்தில் எழுதியது பாதிதான். வாட்ச்மேன் கதையெல்லாம் பிரசவம் முடிந்து பல வருஷம் கழித்துப் பார்க்கும்போது தெரிவது. பெற்று முடித்த முதல் சில வருஷங்களில் பெறாதவளைவிடப் பெற்றவளுக்குத்தான் ஆபத்து கொஞ்சம் கூடுதல். பிறகுதான் மெல்ல இறங்கும். அதுவும் ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்து வைத்துப் பார்த்துச் சொல்வது. தனியாக உன் ஒருத்திக்கு ஒன்றும் வராது என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. பிள்ளை பெற்றதற்கு உனக்குப் பரிசு ஒன்றும் கொடுத்துவிடவில்லை.

நாளைக்கே போ. ஸ்கேன் எடுக்கச் சொல். பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. என் உடம்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெரியவள்


மார்ச் 16

அக்காவுக்கு,

இங்கே நலம். அங்கேயும் நலம் என்று நினைக்கிறேன்.

ஒரு மாதம்கூட உன்னால் பொறுக்க முடியவில்லை, பார்த்தாயா. நான் ஓவியப் போட்டியில் கோப்பை வாங்கி வந்த அன்று என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "தகரம்தான், துருப்பிடிச்சிரும்." துருப்பிடித்தது. நீ எல்லோரையும் கூப்பிட்டு அதைக் காட்டினாய். இப்போதும் அதேதான். வாட்ச்மேன் இருக்கிறது என்று எழுதியதும் நீ, நான் கொஞ்சம் சந்தோஷப்பட்டதும் அதைப் பிடுங்கிக்கொள்வதும் நீ.

பரிசு ஒன்றும் கொடுத்துவிடவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை நான் மறக்க மாட்டேன். உனக்குப் பிள்ளை தங்காமல் போனதற்கு நான் என்ன செய்வேன்? நானா வேண்டாமென்றேன்? என் பிள்ளைகளைப் பார்க்கிறபோதெல்லாம் உன் கண் எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியாதா?

மருத்துவரிடம் போகவில்லை. "ரெண்டு பெத்தவ நான், பால்கட்டு எனக்குத் தெரியாதா" என்று அம்மா சொல்கிறாள். பெற்றவள் சொல்வதைக் கேட்பதா, பெறாதவள் சொல்வதைக் கேட்பதா?

குழந்தைகள் நலம்.

இப்படிக்கு,
தங்கை


மார்ச் 21

பொடிசு,

நலம்.

நீ எழுதியதெல்லாம் சரி. கோப்பை துருப்பிடித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாயாடி பிறந்தபோது நான் அழுதேன். பெரியம்மாவுக்கு ஆனந்தக் கண்ணீர் என்று அம்மா ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிவிட்டாள், அம்மா நல்லவள். உன்மேல் எனக்குப் பொறாமை இருந்தது, இருக்கிறது, இனிமேலும் இருக்கும். உனக்கும் என்மேல் அப்படித்தான். அது நம் வீட்டு விவகாரம். அந்தக் கல் வேறு விவகாரம்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இரண்டாவது தடவை எனக்கு ஆறாம் மாதத்தில் போனதே, அது போன சில நாளில் எனக்கும் பால் வந்தது. பிள்ளை இல்லை என்று உடம்புக்கு யார் போய்ச் சொல்வது? சட்டை நனைந்தது. குடிக்க ஆளில்லாமல் கட்டிக்கொண்டது. அம்மா துணியை இறுக்கிக் கட்டிவிட்டு, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே இருந்தாள். அதனால் சொல்கிறேன், பால்கட்டு வலிக்கும் பொடிசு. சுடும், சிவக்கும், காய்ச்சல் அடிக்கும். ஒரு வாரத்தில் ஏதாவது ஒரு முடிவுக்கு வரும். மாதக்கணக்கில் வலிக்காமல் அப்படியே நிற்கிற கல்லை நான் என் மேஜைக்கு வருகிற துண்டுகளில்தான் பார்த்திருக்கிறேன்.

இந்த ஆய்வில் பெற்றவர், பெறாதவர் என்று இரண்டே பிரிவு. பால் வந்தும் பிள்ளை இல்லாதவள் எந்தப் பக்கம் என்று டாக்டரம்மாவிடம் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

நான் பொறாமையில் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள். அப்படியானால் போய்க் காட்டு. ஒன்றுமில்லை என்று எழுதி வாங்கி எனக்கு அனுப்பு. மேலே சிவப்பு மையில் "பொறாமை பிடித்த பொய்க்காரி" என்று எழுதிவிடு. சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுகிறேன், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். என்னை ஜெயிக்க உனக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வராது.

பெரியவள்


ஏப்ரல் 9

அக்கா,

நலமா? உன்னை ஜெயிக்கத்தான் போனேன். வேறு எதற்கும் இல்லை.

இவர் அரை நாள் லீவு போட்டுக் கூட்டிப்போனார். என்னைவிடச் சின்ன வயசு மருத்துவர். முதல் பிரசவம் எந்த வயசில், எத்தனை பிள்ளை, எத்தனை மாதம் பால் கொடுத்தாய், வயசுக்கு வந்தது எப்போது என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் நல்ல மார்க் வாங்குகிற பதிலாகச் சொன்னேன். கொடுத்துக்கொண்டே இருக்கிறேன் டாக்டர், இப்போதும் கொடுக்கிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாளே தவிர, இடது பக்கத்திலிருந்து விரலை எடுக்கவே இல்லை. வீட்டில் வேறு யாருக்காவது இருந்திருக்கிறதா என்றாள். அம்மாவுக்கு இல்லை, அக்காவுக்கு இல்லை என்றேன். அக்காவுக்கு இல்லை என்று சொன்னபோது எனக்கு என்ன வந்தது என்று எழுதமாட்டேன். உனக்கே தெரியும்.

"பால் குடுக்கறப்ப வர்றதெல்லாம் பால்கட்டு இல்லம்மா. அதுதான்னு நெனச்சுக்கிட்டு எல்லாரும் வீட்லயே வெச்சுக்கறீங்க" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி போட்டுத் துண்டு எடுத்தார்கள். வரும்போது இவர் வண்டியை எங்கேயோ விட்டுவிட்டுத் தேடினார். இங்கே பரிசோதிக்க வசதி இல்லையாம், உங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புகிறார்களாம். உன் மேஜைக்கு வருமா? வந்தால் பார்த்துவிட்டு எழுது.

பால் வந்தது பற்றி எழுதியிருந்தாய். இவரிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் கேட்கவில்லை. ஆனால் நீயும் அம்மாவும் இத்தனை வருஷம் உங்களுக்குள் ஒன்றை வைத்திருந்திருக்கிறீர்கள், எனக்குச் சொல்லாமல். அன்றைக்கு அம்மா கதவைத் தாழ் போட்டது உனக்கு மட்டும்தானே. இந்த நேரத்தில் இதற்குப் போய்ப் பொறாமைப்படுகிறேனே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பட்டேன்.

சீக்கிரம் எழுது.

பொடிசு


ஏப்ரல் 26

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

எப்போதும் தாமதமாகப் பதில் போடுகிறவள் நான். நீ வந்த கையோடு எழுதுகிறவள். இந்தத் தடவை ஒரு வரி இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் வெயிலைப் பற்றியே பேசினாய். அதற்கு முந்திய ஞாயிறும் வெயில். வாயாடி சொன்ன ஒன்றுமில்லாத ஜோக்குக்கு அப்படிச் சிரித்தாய். அவ்வளவு சிரிக்கிற ஆள் இல்லை நீ. "பெரியவ இன்னிக்குக் கலகலன்னு இருக்கா" என்று அம்மாவுக்குப் பூரிப்பு.

நாளை மறுநாள் முடிவு சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் பாவம், ஒன்றும் இருக்காது, ஒன்றும் இருக்காது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். நான் ஆமாம் என்கிறேன். நீ எழுதாததிலேயே எனக்கு வந்து சேர்ந்துவிட்டது.

பொடிசு


ஏப்ரல் 30

அன்புள்ள பொடிசுக்கு,

நேற்று போனில் கூப்பிட்டேன், நீ பேச வரவில்லை. சரி, எழுதுகிறேன்.

வயது முப்பத்திரண்டு, இரண்டு பிள்ளை, பால் கொடுத்துக்கொண்டிருக்கிறார், இடது பக்கம். துண்டோடு வந்த சீட்டில் அவ்வளவு படித்ததும் போதும் எனக்கு, பெயரைப் பார்க்கவில்லை. வேறு யார் கையிலும் கொடுக்காமல் நானே சீவினேன். என் வேலையிலேயே அவ்வளவு சுத்தமாக எதுவும் வந்ததில்லை. டாக்டரம்மா கையெழுத்துப் போடும்வரை என் வாயிலிருந்து எதுவும் வரக்கூடாது. அதனால்தான் வெயிலைப் பற்றிப் பேசினேன். அதற்காக என்னைத் திட்டவேண்டுமானால் நேரில் வந்து திட்டு.

சின்னது. ஆரம்பத்திலேயே பிடித்திருக்கிறது. கட்டியைச் சுற்றி வாட்ச்மேன்கள் நிறையக் கூடியிருக்கிறார்கள் என்று டாக்டரம்மா தகட்டைப் பார்த்துச் சொன்னார். இந்த வகைக்கு மருந்து நன்றாகக் கேட்கும் என்பதற்கு அது ஒரு நல்ல அறிகுறியாம். நானும் குனிந்து பார்த்தேன். பழுப்பாகத் திரண்டு நின்றார்கள். ஒரு நொடி, ஒரே நொடி, இவளுக்கு மட்டும் இத்தனை பேரா என்று எனக்குப் பழைய எரிச்சல் வந்தது. அப்புறம் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இங்கே வா. ஆபரேஷனும் மருந்தும் எங்கள் ஆஸ்பத்திரியில்தான். என் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். உன் வீட்டுக்காரரின் கம்பெனிக்கு இங்கேயும் வேலை இருக்கிறது, மாற்றல் கேட்கச் சொல். நான் லீவு போட்டுக்கொண்டு அங்கே போய்க் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன், அம்மா கூட இருப்பாள். பிரசவ லீவு எடுக்கிற பாக்கியம் இல்லாததால் என் லீவெல்லாம் சேர்ந்துதான் கிடக்கிறது.

பாலை நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். குண்டு இரண்டு மூன்று நாள் வீட்டைத் தூக்கி நிறுத்துவாள். உனக்குக் கட்டும், வலிக்கும், அவள் அழுகிற சத்தம் கேட்டாலே சட்டை நனையும். குளிர்ந்த துணியை வை. மருத்துவரைக் கேட்காமல் எதையும் செய்யாதே. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து அழத் தோன்றும், அழு. இதில் உனக்கு முன்னே போனவள் நான்.

பெரியவள்


ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? அம்மா நலமா? என் பிள்ளைகள் நலமா? நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதுவதுதான் மரியாதை. நாலாவது தடவை மருந்து ஏற்றியாகிவிட்டது. தலை வழுக்கை. இவர் எனக்குத் துணையாகத் தானும் மொட்டையடித்துக்கொண்டு வந்து நின்றார். மண்டை கோணல் என்று அப்போதுதான் தெரிந்தது. முன்னமே தெரிந்திருந்தால் யோசித்திருப்பேன்.

உன் வீடு எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஜன்னல் பக்கம் ஒற்றை நாற்காலி. மூலைக்கு மூலை சேர்த்து மடித்த போர்வை. நீ ஆசைப்பட்டு வாங்கின நீலப் பூப் போட்ட கோப்பைகள், அட்டைப் பெட்டியிலேயே. சத்தம் இல்லை. டீ சூடாக இருக்கிறது. மருந்தினால் வாயில் எப்போதும் இரும்பை நக்கின மாதிரி இருப்பதால் அது டீயா வெந்நீரா என்று தெரியவில்லை. நான் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, பார்.

எல்லோரும் என்னிடம் நல்லவர்களாகிவிட்டார்கள். இவர் குரலை உயர்த்துவதில்லை. அம்மா போனில் உன்னைப் புகழ்வதையே நிறுத்திவிட்டாள், என்னைத்தான் புகழ்கிறாள். நான் எவ்வளவு தைரியசாலி என்று டீச்சர் வரைக்கும் சொல்லியிருக்கிறாள். கேட்கவே பயமாக இருக்கிறது.

அங்கிருந்து நீ எழுதிய கடிதங்களைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். குண்டு ஓடுகிறாள், முட்டை சாப்பிடுகிறாள், வாயாடி உன்னிடம் எழுத்துக் கற்றுக்கொள்கிறாள், அம்மாவுக்கு நீ எண்ணெய் தேய்த்துவிடுகிறாய், எல்லாம் எழுதியிருக்கிறாய். குண்டு எப்படித் தூங்குகிறாள் என்று மட்டும் எந்தக் கடிதத்திலும் இல்லை. என் நெஞ்சில் கை போட்டுக்கொள்ளாமல் அவள் ஒரு நாளும் தூங்கியதில்லை. இப்போது எப்படித் தூங்குகிறாள், அக்கா?

பொடிசு


ஆகஸ்ட் 18

பொடிசு,

அம்மா நலம். குழந்தைகள் நலம். நானும்.

நீ கேட்டுவிட்டாய். எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

முதல் வாரம் அம்மா தோளில் போட்டு நடந்தே தூங்கவைத்தாள். அப்புறம் அம்மாவால் முடியவில்லை. என் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தாள், உன்னை மாதிரியே முறுக்கு. மூன்றாவது நாள் திரும்பினாள். என் கழுத்துப் பட்டி வழியாகக் கையை உள்ளே விட்டாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு வாயையும் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். ஆனாலும் வைத்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

நான் விலக்கவில்லை. விலக்கியிருக்கலாம். அம்மா கதவருகில் நின்று பார்த்தாள், விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். இப்போது தினமும் அப்படித்தான்.

எனக்குக் கிடைக்காதது இப்படியாவது கிடைத்தது என்று ஒரு நாள் நினைத்தேன். அடுத்த நிமிஷமே, எப்படிக் கிடைத்தது என்றும் நினைத்தேன். ஆனால் அந்த ஒரு நிமிஷம் நினைத்தேன். அதை உன்னிடம் மறைக்க முடியாது. திட்டு.

மருந்து ஏற்றிய மறுநாள் தண்ணீர் நிறையக் குடி.

பெரியவள்


செப்டம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? தாமதத்துக்கு இந்தத் தடவை குழந்தைகளைக் காரணம் சொல்ல முடியாது. உனக்கு எழுதக் கை வரவில்லை.

உன் கடிதத்தைப் படித்த அன்று எழுந்துபோய் உன் நீலப் பூக் கோப்பைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒன்றைத் தரையில் போட்டேன். கை தவறி விழவில்லை. போட்டேன். இவர் ஓடிவந்து, "பரவால்லம்மா, பரவால்ல, போனாப் போகுது" என்று சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். அக்காவின் கோப்பையை ஏன் உடைத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீதியையும் உடைத்திருந்தாலும் பரவாயில்லை என்றுதான் சொல்லியிருப்பார். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபமெல்லாம் அவர்மேல் திரும்பிவிட்டது. தனியாக உட்கார்ந்து உன்னை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். சாகிறவளின் இடத்தைப் பிடிக்க வந்தவள் என்றுகூடச் சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் தெரிந்தது, இத்தனை மாதத்தில் "சாகிறவள்" என்ற வார்த்தையை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் சாகிற மாதிரி எனக்கே தோன்றவில்லை. அவ்வளவு ஆத்திரம் உள்ளவள் எப்படிச் சாவாள்?

நேற்று எல்லாப் பரிசோதனையும் முடிந்தது. உன் டாக்டரம்மா நேரில் வந்து பார்த்தார். இப்போதைக்கு எங்கேயும் எதுவும் தெரியவில்லை, இன்னும் சில வாரம் கதிர் சிகிச்சை, அப்புறம் வீட்டுக்குப் போகலாம், ஆனால் சில வருஷம் வந்து காட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்றார். இப்போதைக்கு என்பதை இரண்டு தடவை சொன்னார். இடது பக்கத்தை நான் இன்னும் கண்ணாடியில் பார்க்கவில்லை. பார்ப்பேன்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். நான் வந்து இறங்கும்போது குண்டு என்னிடம் வரமாட்டாள். மொட்டைத் தலையைப் பார்த்து அலறுவாள். உன் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அப்போது நீ பெரிய மனுஷி மாதிரி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, "அம்மாகிட்ட போடா கண்ணு" என்று தூக்கி என் கையில் கொடுத்துவிடுவாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கவும் செய்வாய். எனக்குத் தெரியும் உன்னை.

அப்படிச் செய்யாதே. ஆறு மாதமாக எல்லோரும் எனக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஜன்னல் பக்கம் எனக்கு, கடைசி முட்டை எனக்கு, சண்டையில் வெற்றி எனக்கு. விட்டுக்கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் எவ்வளவு நாள் என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறார்களோ என்று இருக்கிறது.

அவளை இறுக்கிப் பிடித்துக்கொள். நான் பிடுங்குவேன். நீ கொடுக்காதே. கிள்ளினாலும் கொடுக்காதே. அம்மா இரண்டு பேரையும் திட்டட்டும். நீயாவது எனக்கு விட்டுக்கொடுக்காமல் இரு, அக்கா.

கோப்பைக்குக் காசு தரமாட்டேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல். வாயாடிக்கு முத்தம். குண்டுக்கு நானே வந்து கொடுத்துக்கொள்கிறேன்.

உன்
பொடிசு